கல் வந்ததும் கைதட்டினார்கள்

இந்த மாதத்தோடு நான் இந்தப் பிரிவை விட்டுப் போகிறேன். ஆனேக்கல் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவைத் தொடங்கித் தரச் சொல்லியிருக்கிறார்கள். என் இடத்துக்கு வரும் உங்கள் இருவருக்கும் உபயோகமாக ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போ என்றார் பிரிவின் தலைமை மருத்துவரான சார். எந்த ஸ்கோப்பை எப்படிப் பிடிப்பது, எதை வளைக்கக் கூடாது, எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று வரிசை போட்டு எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. அதையெல்லாம் ஆபரேஷன் தியேட்டர் சுவரில் ஒட்டிவிட்டேன். சுவரில் ஒட்ட முடியாத ஒன்று மிச்சமிருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று வீட்டில் சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். “எச்சில்ல கல்லா?” என்றுதான் என் அப்பாவும் கேட்டார். தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து நாக்கின் கீழே வந்து திறக்கும் மெல்லிய குழாயில் கல் அடைத்துக்கொள்ளும். சோற்றைப் பார்த்ததும் ஊறும் எச்சில் போக வழியில்லாமல் தாடை வீங்கும். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும் என்று விளக்கினேன். அந்தக் குழாய்க்குள் ஈர்க்குச்சியைப் போன்ற கேமராவை, அதாவது ஸ்கோப்பை, விட்டு, கல்லைக் கம்பிக் கூடையில் பிடித்து வெளியே கொண்டுவருகிறோம் என்றதும் அவர் தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

இந்த வேலையில் சில தவறுகளை கேன்டீனில் சொல்லிச் சிரிக்கலாம். நான் சேர்ந்த புதிதில், எடுத்த கல்லைத் தட்டில் வைப்பதற்குள் சக்ஷன் குழாய் உறிஞ்சிக்கொண்டது. நோயாளி சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருப்பவர். எழுந்து உட்கார்ந்ததும் “எங்க என் வைரம்?” என்று கேட்டார். சக்ஷன் பாட்டிலில் இருந்த அத்தனையையும் வடிகட்டித் தேடி எடுத்துக் கொடுத்தேன். “எச்சில்ல வெளஞ்ச வைரத்துக்கு ரேட்டு ஒண்ணும் கெடைக்காது இல்ல மேடம்?” என்று கேட்டுக்கொண்டே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இந்தக் கதையை நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். கஸ்தூரியம்மாவின் கதையை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

கஸ்தூரியம்மா நீலசந்திராவில் இருப்பவர். ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஒரு வளாகத்தின் உணவுக்கூடத்தில் பரிமாறும் வேலை. வெளிநோயாளிப் பிரிவில் என் எதிரே உட்கார்ந்து, முந்தானையால் இடது தாடையை மூடியபடியே பேசினார்.

“சாப்பாட்டு நேரம் வந்தாப் போதும் மேடம், பொசுக்குன்னு வீங்கிடுது. கூட வேலை செய்றவளுங்க, ‘என்னடி, வாயில போண்டாவ பதுக்கி வெச்சிருக்கியா, சூப்பர்வைசரு பாத்துடப் போறாரு’ன்னு கிண்டல் பண்றாளுங்க.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

“இப்பல்லாம் பாத்திரம் கழுவற எடத்துல, செவுத்தப் பாத்து ஒக்காந்துதான் சாப்புடறேன். நாலு பேரு முன்னாடி வாயத் தொறக்கவே கூச்சமா இருக்குது.”

இதைக் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டுதான் அடுத்ததைச் செய்தேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அப்போது எங்கள் மருத்துவமனையில் ஒரு பயிலரங்கு வரவிருந்தது. வெளியூர்களிலிருந்து வரும் மருத்துவர்கள் கீழ்த்தள அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள். மேலே தியேட்டரில் நாங்கள் செய்வது அங்கே பெரிய திரையில் நேரடியாக ஓடும். அவர்கள் கேட்கும் கேள்வி ஸ்பீக்கரில் எங்களுக்குக் கேட்கும். சார் வேலை செய்துகொண்டே பதில் சொல்வார். இதற்கு ஏற்ற நோயாளியைத் தேடுவது என் பொறுப்பு. கல் சிறியதாக இருக்க வேண்டும். குழாய்க்குள் அசைய வேண்டும். முழு மயக்கம் இல்லாமல், மரத்துப்போகும் ஊசியிலேயே முடிய வேண்டும். எங்கும் எழுதாமல் நானாகச் சேர்த்துக்கொண்ட தகுதி இன்னொன்று: அதிகம் கேள்வி கேட்காதவராக இருக்க வேண்டும். கஸ்தூரியம்மா எல்லாவற்றிலும் தேறினார்.

பயிலரங்கில் செய்துகொண்டால் கட்டணம் இல்லை என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

“கேமரா வெச்சிருப்போம்மா. டாக்டருங்க பாத்துக் கத்துக்குவாங்க” என்றேன்.

“எத்தினி பேரு மேடம்?”

“கொஞ்ச பேருதான்.”

அரங்கு நிரம்பும் என்று எனக்குத் தெரியும். நாற்காலி போதாது என்று காலையில்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் நான் சொன்னது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நோயாளியைப் பதற விடாமல் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். மென்மையான குரலில் சொன்னதால் அது நல்ல காரியம் போலவே இருந்தது.

அன்று மேசையில் படுத்தவரிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். “வாய்ல கட்டை வெச்சுடுவோம், பேச முடியாது. ஏதாவதுன்னா இடது கையத் தூக்குங்க. ஒடனே நிறுத்திடுவோம்.” சரி என்று தலையாட்டினார். பச்சைத் துணியால் கண்களை மூடினோம். வாய் மட்டும் வெளியே தெரிந்தது.

முதலில் எல்லாம் அழகாக நடந்தது. திரையில் குழாயின் உட்புறம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அதன் கோடியில் மஞ்சளாகக் கல். சார் கூடையை விரித்துக் கல்லைப் பிடித்தார். பாதி வழி வந்து கல் நின்றுவிட்டது. நாங்கள் கணக்குப் போட்டதைவிட அது பெரியது. குழாய் அந்த இடத்தில் குறுகியது. விட்டுவிட்டுத் திரும்பப் பிடிக்கலாம் என்று பார்த்தால் கூடை திறக்கவில்லை. கல்லைக் கவ்விக்கொண்டு இறுகிவிட்டது.

இந்த நிலை உங்களுக்கும் வரும். அப்போது செய்ய வேண்டியது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். இழுக்கக் கூடாது. ஸ்கோப்பை ஓரம் வைத்துவிட்டு, நாக்கின் கீழே கல் இருக்கும் இடத்தில் நரம்பை விலக்கி, சிறிதாகக் கீறிக் கல்லை எடுத்துவிட வேண்டும். “வராத கல்ல வம்புக்கு இழுக்காதே” என்று எனக்குச் சொல்லித் தந்தவரே சார்தான். ஆனால் பயிலரங்கின் தலைப்பு கத்தியில்லாமல் கல்லை எடுப்பது. அதைப் பார்க்கத்தான் கீழே எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சாரின் விரல்கள் நின்றன. அவர் கத்தியைக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் அரங்கை நடத்திக்கொண்டிருந்த மருத்துவர் ஸ்பீக்கரில், “கல் ஹெப்பால் ஃப்ளைஓவர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது போலிருக்கிறதே சார், இனி சாயங்காலம்தான் வந்து சேரும்” என்றார். அரங்கு முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு தியேட்டருக்குள் வந்து கொட்டியது. சாரும் சிரித்தார். முகக்கவசத்துக்குள் நானும் சிரித்தேன்.

கஸ்தூரியம்மாவின் இடது கை உயர்ந்தது.

தயங்கித் தயங்கி, வகுப்பில் சந்தேகம் கேட்பவரைப் போல உயர்ந்தது. நான் சாரைப் பார்த்தேன். சார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒந்து நிமிஷ அம்மா, ஆயித்து” என்று கன்னடத்தில் சொன்னார். ஒரு நிமிடம், முடிந்துவிட்டது என்று. இன்னொரு கேமரா மேசை முழுவதையும் காட்டிக்கொண்டிருந்ததால் அரங்கிலும் அந்தக் கையைப் பார்த்துவிட்டார்கள். நோயாளிக்கு ஏதாவது சிரமமா என்று ஸ்பீக்கர் கேட்டது.

நான் அந்தக் கையைப் பிடித்து, கீழே இறக்கி, படுக்கையோடு சேர்த்து என் கையால் மூடிக்கொண்டேன். “நோயாளி சௌகரியமாக இருக்கிறார்” என்று மைக்கில் சொன்னேன். சொல்லும்போதே அவர் விரல்கள் என் உள்ளங்கைக்குள் மேலே வரப் பார்த்தன. நான் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

சார் இழுத்தார். ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது. கல் வெளியே வந்தது.

கைதட்டல் கேட்டது. சார் கல்லைக் கேமராவுக்குக் காட்டினார். கூடையின் கம்பியில் வெள்ளையாகச் சவ்வு ஒட்டியிருந்ததை நாங்கள் இருவரும் பார்த்தோம். குழாயின் சுவர் கிழிந்திருந்தது. சார் உள்ளே ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாயை வைத்துத் தைத்தார். கிழிசல் இருக்கிறது, ஆறிவிடும் என்று அரங்குக்கு ஒரே வரியில் சொன்னார். கஸ்தூரியம்மாவுக்கு அந்த ஒரு வரியும் கிடைக்கவில்லை. “கல்லு வந்துடுச்சும்மா” என்று மட்டும் சொன்னேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். தியேட்டரில் நாங்கள் நாலைந்து பேர்தான் இருந்தோம்.

பயிலரங்கு முடிந்து கருத்துகள் வந்தன. “உதவி மருத்துவர் கடைசிவரை நோயாளியின் கையைப் பற்றியிருந்தது நெகிழ வைத்தது” என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதை எங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டார்கள். வரிசையாகப் பூங்கொத்துகள் விழுந்தன. நானும் ஒரு கும்பிடு போட்டேன். இப்போதும் அந்தக் கும்பிடை நினைத்தால் உடம்பு கூசுகிறது. கையை அழுத்தியதை அவசரத்தில் செய்துவிட்டேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கும்பிடை நிதானமாக உட்கார்ந்து, தேர்ந்தெடுத்துப் போட்டேன்.

சில மாதங்கள் கழித்துக் கஸ்தூரியம்மா மகளோடு வந்தார். இப்போது வீக்கம் வடிவதே இல்லை. காய்ச்சல் வேறு. ஸ்கேனில் காரணம் தெளிவாகத் தெரிந்தது. கிழிந்த இடம் ஆறும்போது தழும்பேறிக் குழாயையே அடைத்துவிட்டது. உள்ளே சீழ். இனிச் சுரப்பியைக் காப்பாற்ற முடியாது. முழு மயக்கம் கொடுத்து, கழுத்தில் கீறி, அதை எடுத்தாக வேண்டும். அந்த இடத்தில் உதட்டை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. அதில் பட்டால் வாய் கோணும்.

“கல்லுதான் வந்துடுச்சே மேடம், அப்புறம் ஏன்?” என்று கேட்டார்.

‘சிலருக்கு இப்படி ஆகும்மா’ என்ற பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதில் பொய் இல்லை. சிலருக்கு அப்படி ஆகத்தான் செய்யும். அதைச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். அவர் அப்படி நம்புவார் என்பதே எனக்குப் பயமாக இருந்தது.

“கல்லு வழியில மாட்டிக்கிச்சும்மா. வாய்க்குள்ள லேசா கீறி எடுத்திருக்கணும். நாங்க இழுத்துட்டோம். கொழாய் கிழிஞ்சிடுச்சு. அன்னிக்கே எங்களுக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்லல.”

மகள் திவ்யா கால் சென்டரில் வேலை பார்ப்பவள். இருக்கையை விட்டு எழுந்துவிட்டாள். “அன்னிக்கே சொல்றதுக்கென்ன? கட்டைய எங்கம்மா வாய்லதான வெச்சீங்க? உங்க வாய்ல என்ன இருந்துது?”

“ஏய், இருடீ” என்றார் கஸ்தூரியம்மா. என்னைப் பார்த்தார். “அன்னிக்கு சிரிச்சாங்களே, எதுக்கு?”

சொன்னேன். ஹெப்பால், ஃப்ளைஓவர், சாயங்காலம். அந்த அறையில் அது யாருக்கும் சிரிப்பு வரக்கூடிய விஷயமாக இல்லை.

“என் வாயப் பாத்து சிரிக்கலியா?”

“இல்லம்மா.”

“எனக்கு வலிக்கல மேடம். யாரு சிரிக்கறாங்கன்னு கேக்கத்தான் கையத் தூக்கினேன். நிறுத்துவீங்க, கேக்கலாம்னு. நீங்க அமுக்கிட்டீங்க.” குரலில் கோபமே இல்லை. “எத்தினி பேரு இருந்தாங்க?”

“ஒரு ஹால் நெறைய இருந்தாங்க. கொஞ்ச பேருன்னு நான் சொன்னது பொய்.”

திவ்யா தாயின் தோளைத் தொட்டு, வா போலாம் என்றாள். வேறு மருத்துவமனையில் செய்துகொள்வதென்றால் எல்லா விவரமும் எழுதித் தருகிறேன், நானே பேசி ஏற்பாடு செய்கிறேன் என்றேன்.

“சார்கிட்டயே பண்ணிக்கறேன். கிழிச்சவருக்குத்தான எங்க கிழிஞ்சுதுன்னு தெரியும்” என்றார் கஸ்தூரியம்மா. திவ்யாவே சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. “ஆனா நீங்க உள்ள இருக்க வேணாம். கோவம்லாம் இல்ல கண்ணு. மனசு ஒப்பல.”

“வரமாட்டேன்மா” என்றேன்.

சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கன்னடக்காரர், என்னோடு தமிழில்தான் பேசுவார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இழுத்தது நானு. சிரிச்சதும் நானு. என்னை வேணாம்னு சொல்லலியா?”

“சொல்லல சார்.”

“அது இன்னும் கஷ்டம்மா” என்றார். அதன்பிறகு அவர் நேரடி ஒளிபரப்புக்கு ஒப்புக்கொண்டதில்லை. நீங்களும் ஏன் என்று கேட்க வேண்டாம்.

அறுவை நாளன்று சாருக்கு உதவ வேண்டிய இளம் மருத்துவர், மூச்சுத் திணறி வந்த ஒருவருக்காக அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியதாயிற்று. கஸ்தூரியம்மாவுக்கு அதற்குள் மயக்கம் கொடுத்தாகிவிட்டது. நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். போனேன். தியேட்டர் கதவைப் பாதி திறந்து நின்றேன். சார் கையுறை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார்.

“கை கழுவிட்டு வாம்மா.”

“சார், அவங்க வேணாம்னு சொல்லியிருக்காங்க.”

“தூங்கிட்டாங்க. அவங்களுக்கு எங்க தெரியப் போகுது?”

உண்மைதான். அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாது என்பதை வைத்துக்கொண்டு ஏற்கெனவே ஒருமுறை நான் நிறையச் செய்திருந்தேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், என்னைப் பிடிவாதக்காரி என்று நீங்கள் நினைக்காமலிருக்க. அங்கே நின்றபடி என் பழக்கப்படி வரிசையாக யோசித்தேன். கத்தி வைத்தாகிவிட்டதா? இல்லை. ரத்தம் போகிறதா? இல்லை. மயக்கத்தில் அவர் நிலையாக இருக்கிறாரா? மயக்க மருத்துவரைப் பார்த்தேன். காத்திருக்கலாம் என்று தலையாட்டினார். வேறு ஆள் கிடைப்பாரா? தேடினால் கிடைக்கலாம். இவற்றில் ஒன்று மாறியிருந்தாலும் உள்ளே போயிருப்பேன். உயிருக்கு ஆபத்து என்றால் என் வாக்கு பெரிதில்லை. போய்விட்டு, மறுநாள் அவரிடமே வந்து சொல்லியிருப்பேன். ஆனால் அன்று என்னை உள்ளே கூப்பிட்டது எங்கள் வசதி மட்டும்தான்.

“ஆள் கொண்டு வரேன் சார்” என்றேன்.

சார் என்னை முறைத்தார். மேசையில் படுத்திருந்தவரை ஒருமுறை பார்த்தார். “சீக்கிரம்” என்றார்.

பக்கத்து தியேட்டருக்கு ஓடினேன். பொது அறுவைப் பிரிவின் சீனியர் மருத்துவர் ஒருவர் அப்போதுதான் வேலை முடித்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். “கழுத்துல சுரப்பி எடுக்கணும், வரீங்களா?” என்றேன். “உங்க டிபார்ட்மென்ட்ல ஆளே இல்லியா? நீங்க என்ன பண்றீங்க?” என்றார். “நான் உள்ள போகக் கூடாது” என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வந்தார். மாலைக்குள் இந்தச் செய்தி தளம் முழுவதும் பரவியது. நோயாளி வேண்டாம் என்று ஒதுக்கிய டாக்டர் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். திருத்துவதற்கு அதில் எதுவும் இல்லை.

அறுவை நடந்த நேரம் முழுவதும் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே சுரப்பி சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், நரம்பைப் பிரிப்பது கடினம் என்று எனக்குத் தெரியும். இந்த அறுவையில் சாரின் கைக்கு என் கை பழகியது. நான் இருந்தால் அவருக்குச் சுலபம். நரம்பில் பட்டுவிட்டால் அதில் நான் உள்ளே போகாததற்கும் பங்கு இருக்கும். இரண்டு பக்கமும் யோசித்தேன். நிம்மதி தரும் விடை எதுவும் கிடைக்கவில்லை. உங்களுக்கும் தர என்னிடம் இல்லை.

மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். கஸ்தூரியம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கட்டு. “ஈன்னு காட்டுங்கம்மா” என்றேன். காட்டினார். உதடு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விரிந்தது. இன்னொரு முறை காட்டச் சொன்னேன். அப்போதும் அப்படியேதான் விரிந்தது.

“நேத்து நீங்க உள்ள வந்தீங்களா?” என்று கேட்டார்.

“வரலம்மா.”

என்னையே பார்த்தார். மயக்கத்தில் கிடந்தவர். நான் சொல்வதைத் தவிர அவருக்கு வேறு சாட்சி இல்லை. என் வார்த்தை எப்படிப்பட்டது என்பதும் அவருக்குத் தெரியும்.

“சரி” என்றார்.

நம்பினாரா என்று நான் கேட்கவில்லை. கட்டு மாற்ற நர்ஸ் தள்ளுவண்டியோடு வந்தார். அவருக்கு வழிவிட்டு நகர்ந்துகொண்டேன்.